உணவில் அக்கறையும் உணவைக் கண்டு அச்சமும்: உணவுமுறையை மாற்றத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இரத்தச் சர்க்கரை அறிக்கையைப் பார்த்த பிறகோ, மாதவிடாய்க் கோளாறுக்காக எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னதாலோ, வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்த அதிர்ச்சியிலோ பலர் தங்கள் சாப்பாட்டை மாற்றத் தொடங்குகிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் நல்ல முடிவுதான். வறுத்ததையும் இனிப்பையும் குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் கூட்டினால் உடல் தேறும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அப்படித் தொடங்கியவர்களில் சிலருக்குச் சில மாதங்களில் வேறொன்று நடக்கிறது. கவனம் கவலையாகவும் கவலை அச்சமாகவும் வளர்ந்து, அடுத்த வேளைக்கு எதைச் சாப்பிடுவது என்பதைத் தவிர வேறெதையும் நிம்மதியாக நினைக்க முடியாத நிலைக்கு அவர்கள் வந்து சேர்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது ஒழுக்கமாகத் தெரிவதால் அவர்களுக்குப் பாராட்டு கிடைக்கிறதே தவிர உதவி கிடைப்பதில்லை.

உணவுமுறையை இப்போதுதான் மாற்றத் தொடங்கியவர்களுக்கும், மாற்றிய பிறகு ஏதோ சரியில்லை என்று உணர்பவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தட்டைப் பார்த்து ஒருவர் நலமாக இருக்கிறாரா, நோயில் சிக்கியிருக்கிறாரா என்று சொல்ல முடியாது. கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் இருவருக்கும் ஒரே மாதிரி மதியச் சாப்பாடாக இருக்கலாம். களி கிடைக்காத நாளில் அந்த இருவருக்கும் என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

இந்தச் சிக்கலுக்கு உள்ள பெயரும் அதன் நிலையும்

ஸ்டீவன் பிராட்மேன் என்ற அமெரிக்க மருத்துவர், நல்ல உணவின் மீது வரும் நோய்த்தன்மையான பற்றுக்கு ஆர்த்தோரெக்சியா என்ற பெயரை 1997-இல் யோகா இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் அறிமுகப்படுத்தினார். அவர் அதற்கு முன்பு நியூயார்க் மாநிலத்தில் ஒரு கூட்டு வாழ்க்கைக் குடியிருப்பில் சமையல்காரராகவும் இயற்கை விவசாயியாகவும் இருந்தவர். பறித்துக் கால் மணி நேரம் தாண்டிய காய்கறியைத் தொடாமல், ஒவ்வொரு வாயையும் ஐம்பது முறை மென்று, அமைதி வேண்டும் என்பதற்காகத் தனியாகவே உட்கார்ந்து சாப்பிடும் நிலை வரை தாமே சென்று மீண்டதை அவர் அதில் விவரித்திருந்தார். அனோரெக்சியா என்ற உணவுக் கோளாறில் உணவின் அளவும் உடல் எடையும் மனத்தை ஆட்டிப்படைக்கும். இதில் உணவின் தூய்மையும் தரமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நடைமுறையில் இரண்டும் பல நேரங்களில் கலந்தே வரும், ஒன்று மற்றொன்றாக மாறவும் செய்யும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வரையறைத் தொகுப்பிலும், 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலிலும் இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆகவே உங்கள் மருத்துவர் இந்தப் பெயரைக் கேள்விப்படாமல் இருக்கலாம். அதனால் உங்கள் துன்பம் பொய்யாகிவிடாது. பிராட்மேனும் உளவியலாளர் தாமஸ் டன்னும் 2016-இல் முன்வைத்த வரையறையின் சாரம் இரண்டே கருத்துகள்தான். விதியை மீறி உண்ணும்போது பெரும் அச்சமும் அருவருப்பும் குற்ற உணர்வும் எழும் அளவுக்கு உணவுக் கட்டுப்பாடு மனத்தைப் பிடித்திருக்க வேண்டும். அதனால் உடல் நலமோ, உறவுகளோ, வேலையோ, தன்மதிப்போ உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். "இத்தனை சதவீதம் பேருக்கு ஆர்த்தோரெக்சியா" என்று வரும் செய்திகளை நான் பெரிதாக நம்புவதில்லை. அவற்றில் பலவற்றுக்கு அடிப்படையான ஓர்ட்டோ-15 என்ற வினாத்தாள், உணவில் சாதாரண அக்கறை உள்ளவர்களையும் நோயாளிகள் கணக்கில் சேர்த்துவிடுகிறது என்ற விமர்சனம் ஆய்வாளர்களிடையே வலுவாக இருக்கிறது.

முதல் படி: காரணத்தையும் மறுபார்வை நாளையும் எழுதி வையுங்கள்

எந்த உணவு மாற்றத்தையும் தொடங்கும் முன், எதற்காக மாற்றுகிறேன், யார் சொல்லி மாற்றுகிறேன், இதை எப்போது திரும்பப் பார்ப்பேன் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். "சர்க்கரை கூடியிருக்கிறது, மருத்துவர் சொன்னார், மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பரிசோதனை செய்து பார்ப்பேன்" என்பது முழுமையான பதிவு. அந்தப் பரிசோதனை ஏறத்தாழ கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவதால் அந்தக் கெடுவுக்கும் பொருள் இருக்கிறது. "உடம்பைச் சுத்தம் செய்ய வேண்டும், ஒரு வீடியோவில் பார்த்தேன்" என்று மட்டும் எழுத முடிந்து, மூன்றாவது வரிக்கு விடை இல்லாமல் போனால் அங்கேயே நின்று யோசியுங்கள். உடலின் கழிவுகளை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாள்தோறும் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு மேலே "சுத்தம்" என்று ஒன்றை அளக்க எந்தப் பரிசோதனையும் இல்லை. அளக்க முடியாத இலக்கை அடைந்துவிட்டோம் என்று எந்த நாளும் சொல்ல முடியாது என்பதால், அதைத் துரத்துபவர் மேலும் மேலும் விலக்கிக்கொண்டே போகிறார்.

கடுமையான விதி எல்லாமே நோய் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. சீலியாக் என்ற குடல் நோய் உள்ளவர் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சிறிதளவுகூடச் சேர்க்கக் கூடாது. பல பெருங்காயத் தூள்களில் கோதுமை மாவு கலந்திருப்பதால், வெளியிடத்தில் சாம்பார் வாங்கும்போதும் அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிக்கும் இது பொருந்தும். அவர்களுடைய விதிக்கு மருத்துவக் காரணமும் தெளிவான எல்லையும் உண்டு; எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ளதை அவர்கள் மகிழ்ச்சியோடு சாப்பிடுவார்கள். கொல்லாமை கருதி இறைச்சியையோ பாலையோ விட்டவர்களுக்கும் இதே நியாயம்தான், பாலையும் விட்டவர்கள் வைட்டமின் பி12 மாத்திரையை மறக்காமல் எடுக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர.

இரண்டாம் படி: போதுமான உணவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் எதை நிறுத்த வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்கள். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியமும் சிறுதானியமும் சேர்த்து 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை மற்றும் விதை வகை 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று கணக்கிட்டிருக்கின்றன. தானியமும் பருப்பும் சமைப்பதற்கு முந்தைய எடையில் சொல்லப்பட்டவை.

250 கிராம் அரிசி சோறாகும்போது எவ்வளவு வரும் என்று ஒரு முறை உங்கள் வீட்டிலேயே வடித்துப் பாருங்கள். சோற்றைக் கண்டு அஞ்சும் பலர் அந்த அளவில் கால் பங்கைக்கூட நாள் முழுவதும் சாப்பிடுவதில்லை. எண்ணெயும் அந்தத் தட்டில் இருக்கிறது. எண்ணெயே இல்லாத தாளிப்பை எந்த வழிகாட்டுதலும் கேட்கவில்லை. உப்பை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டிக்குள் வைத்துக்கொள்ளவும், சர்க்கரையையும் தொழிற்சாலையில் பெரிதும் பதப்படுத்தப்பட்ட உணவுகளையும் குறைத்துக்கொள்ளவும்தான் அவை சொல்கின்றன. இந்த அளவுகள் பல நாட்களின் சராசரியாகக் கொள்ள வேண்டியவை. ஒவ்வொரு வேளையும் தராசில் வைத்து நிறுக்கத் தொடங்கினால் இந்த எண்களே இன்னொரு கட்டாயமாகிவிடும். ஒரு முறை கண்ணளவு பழகியதும் தராசைப் பரண்மேல் வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: விலக்கும் பட்டியல் எப்படி வளர்கிறது என்று பாருங்கள்

நம் வீடுகளில் இது பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரையில் தொடங்குகிறது. அதை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கு மாறுகிறார்கள். பிறகு அதுவும் கலப்படம் என்று கேள்விப்பட்டுப் பனங்கருப்பட்டிக்கும், பிறகு இனிப்பே வேண்டாம் என்ற முடிவுக்கும் வருகிறார்கள். அடுத்து மைதா போகிறது, அதன் பின்னால் வெள்ளை அரிசி போகிறது. ரீஃபைண்டு எண்ணெய்க்குப் பதில் செக்கு எண்ணெய் வருகிறது. அந்தச் செக்கு மரச்செக்கா இரும்புச் செக்கா என்ற கேள்வி தொடர்கிறது. பாக்கெட் பால் நஞ்சாகிறது, கடைத் தக்காளி பூச்சிமருந்தாகிறது, அடுத்தவர் வீட்டுச் சாம்பார் ஆபத்தாகிறது. கடைசியில் அம்மா வீட்டுக்குப் போகும்போதும் பையில் தன் அரிசியையும் தன் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் இதை அடையாளம் காண்பதைக் கடினமாக்குகிறது. சர்க்கரையைக் குறைப்பது நல்லது, சிறுதானியம் நல்லது, காய்கறியைக் கழுவிச் சமைப்பது அவசியம். ஆனால் அந்த உண்மையின் அளவு எவ்வளவு, அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை எவ்வளவு என்று பொருத்திப் பார்க்க வேண்டும். நாட்டுச் சர்க்கரையிலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். அவற்றில் உள்ள தாதுக்கள், ஒரு கரண்டி அளவில், உடலுக்குக் கணிசமான பயனைத் தரும் அளவுக்கு இல்லை. சர்க்கரை நோயாளியின் இரத்தத்தில் அவையும் சர்க்கரையாகவே நடந்துகொள்ளும். இதைத் தெரிந்துகொண்ட பிறகும், உறவினர் வீட்டில் வெள்ளைச் சர்க்கரை போட்ட காபியைக் குடித்தால் இரவு தூக்கம் வராது என்ற நிலை இருந்தால், அந்த விதி ஊட்டச்சத்தைத் தாண்டி வேறு எதையோ காத்துக்கொண்டிருக்கிறது. அது பெரும்பாலும் மனத்தில் உள்ள ஒரு பதற்றம். நோயைப் பற்றியதாகவோ, கட்டுக்குள் இல்லாத வாழ்க்கையைப் பற்றியதாகவோ இருக்கலாம்.

உங்கள் பட்டியலை இப்போதே எழுதிப் பாருங்கள். ஓராண்டுக்கு முன் சாதாரணமாகச் சாப்பிட்டு இப்போது சாப்பிடாத எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை விடச் சொன்னது யார் என்று குறியுங்கள். பட்டியல் நீண்டுகொண்டே போவதும், அதில் மருத்துவர் சொன்னவை ஒன்றிரண்டுக்கு மேல் இல்லாமல் இருப்பதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

நான்காம் படி: ஒரு வாரம் உணவைக் குறிக்காமல், நேரத்தையும் மனத்தையும் குறியுங்கள்

ஒரு கல்யாணப் பந்தியை எடுத்துக்கொள்வோம். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் இனிப்பை வைத்துக்கொண்டு வருகிறார்கள். சர்க்கரை நோயுள்ள ஒருவர் ஜாங்கிரிக்கு இலையின் மேல் கையைக் காட்டி "வேண்டாங்க" என்கிறார். பொரியலும் கூட்டும் கேட்டு வாங்குகிறார். சோற்றைக் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, பக்கத்து இலை மாமாவிடம் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். அவருக்கு இரண்டு இலை தள்ளி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வற்புறுத்தல் தாங்காமல் உட்கார்ந்தவர். பொரியலின் மேல் மினுங்கும் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே அதை விரலால் ஓரம் தள்ளுகிறார், கோசம்பரியை மட்டும் எடுக்கிறார், யாரோ கவனிக்காமல் போட்டுவிட்ட ஜாங்கிரியின் பாகு வழிந்து கோசம்பரியைத் தொட்டதும் அதையும் விட்டுவிடுகிறார். பக்கத்தில் பேசுபவர் என்ன சொன்னார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. மறுநாள் காலை, உள்ளே போயிருக்கக்கூடிய ஏதோ ஒன்றுக்கு ஈடாகப் பட்டினி கிடக்கிறார். இருவரும் ஜாங்கிரி சாப்பிடவில்லை. சாப்பாட்டுக் குறிப்பேடு எழுதினால் இரண்டாமவருக்கே நல்ல மதிப்பெண் விழும்.

அதனால்தான் சாப்பிட்டதைக் குறிக்க வேண்டாம் என்கிறேன். ஒவ்வொரு இரவும், அன்று உணவைத் திட்டமிடுவதிலும் தேடி வாங்குவதிலும் அதைப் பற்றிப் படிப்பதிலும் நினைப்பதிலும் எவ்வளவு நேரம் போனது என்று தோராயமாகக் குறியுங்கள். வீட்டுக்கே சமைப்பவருக்கு அடுப்படி நேரம் இயல்பாகவே கூடுதலாக இருக்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வேலை நடுவிலும் பேச்சு நடுவிலும் உணவைப் பற்றி மனத்தில் ஓடிக்கொண்டே இருந்த நேரம்தான் முக்கியம். அடுத்து, திட்டமிட்டபடி சாப்பிட முடியாமல் போன வேளை இருந்ததா, அப்போது மனத்தில் என்ன எழுந்தது, அது எப்போது அடங்கியது, அடக்குவதற்காக எதையாவது செய்தீர்களா என்று எழுதுங்கள். சிறு எரிச்சல் எல்லோருக்கும் வரும், அரை மணியில் மறையும். அழுகை, தன்னையே அசிங்கமாக உணர்தல், அடுத்த வேளையை விடுதல், மூச்சு வாங்கும் வரை நடத்தல் ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தவை.

மூன்றாவதாக, அந்த வாரத்தில் உணவின் காரணமாக எந்த அழைப்பையாவது தவிர்த்தீர்களா என்று பாருங்கள். அலுவலக மதிய உணவு, பிறந்தநாள், பயணம், கோயில் பிரசாதம் என எதுவாகவும் இருக்கலாம். நான்காவது கேள்வி கொஞ்சம் கசப்பானது: விதிப்படி உண்ட நாளில் நீங்கள் நல்லவராகவும், மீறிய நாளில் கெட்டவராகவும் உங்களுக்கே தோன்றுகிறீர்களா? மற்றவர்கள் பரோட்டா சாப்பிடுவதைப் பார்க்கும்போது அவர்கள் மீது மனத்துக்குள் ஓர் இளக்காரம் எழுகிறதா? ஒருவரின் முழுத் தன்மதிப்பும் தட்டிலேயே தொங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. இலண்டன் மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட ஸ்காஃப் என்ற ஐந்து கேள்விப் பரிசோதனை பிற உணவுக் கோளாறுகளுக்காக உருவானது என்றாலும், அதன் கடைசிக் கேள்வி இங்கும் பயன்படும்: உணவு உங்கள் வாழ்க்கையை ஆள்கிறது என்று சொல்வீர்களா?

ஐந்தாம் படி: உடல் சொல்வதைத் தள்ளிப் போடாதீர்கள்

கர்ப்பம் இல்லாமலேயே மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருப்பது, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி மயக்கம் வருவது, நாடித் துடிப்பு வழக்கத்தைவிட மெதுவாவது, மற்றவர்களுக்கு வியர்க்கும் அறையில் தனக்கு மட்டும் குளிர்வது, கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, தொடர்ந்து எடை குறைந்துகொண்டே வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். மயக்கமும் நெஞ்சுப் படபடப்பும் இருந்தால் அன்றே போக வேண்டும். எலும்பும் தோலுமாக இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் வரும் என்று நினைக்காதீர்கள். பருமனாக இருப்பவரும் இதே அச்சத்தில், இதே சத்துக் குறைவில் இருக்க முடியும். அவரைத்தான் சுற்றியிருப்பவர்கள் கடைசியாகக் கவனிக்கிறார்கள்.

உணவைப் பற்றிய ஓயாத நினைப்புக்கு உடல்ரீதியான காரணம் ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-1945 காலத்தில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் அன்சல் கீஸ் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர், பஞ்சத்தில் வாடுபவர்களுக்கு எப்படி உணவளித்து மீட்பது என்று கண்டறிய உதவுவதற்காகத் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப் பட்டினி கிடந்தார்கள். உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். மன உறுதி சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஆரோக்கியமான இளைஞர்கள், வாரங்கள் செல்லச் செல்ல, சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள். கிடைத்த சிறு உணவை நீரில் கலந்தும் துண்டு துண்டாக்கியும் நீண்ட நேரம் சாப்பிட்டார்கள், தட்டை நக்கினார்கள், நண்பர்களிடமிருந்தும் காதலிலிருந்தும் விலகினார்கள், எரிச்சலும் சோர்வும் அடைந்தார்கள். இவற்றில் எதுவும் அவர்கள் தேர்ந்தெடுத்த குணம் அன்று. போதுமான உணவு இல்லாத மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆகவே நாள் முழுவதும் சாப்பாட்டு நினைப்பாகவே இருப்பவர், தமக்கு இன்னும் கட்டுப்பாடு போதவில்லை என்று முடிவுகட்டி மேலும் குறைத்தால் அந்த நினைப்பு மேலும் கூடும். அவருக்கு வேண்டியது கூடுதல் உணவு.

ஆறாம் படி: விதிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள்

முதலில் ஓர் எச்சரிக்கை. பல வாரங்களாக மிகக் குறைவாக உண்டவர்களும், வேகமாக எடை இழந்தவர்களும், மேலே சொன்ன உடல் அறிகுறிகள் உள்ளவர்களும் இதைத் தாமே தொடங்கக் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென உணவைக் கூட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்றவை வேகமாகச் சரிந்து இதயத்தையும் பாதிக்கலாம் என்பதால், மருத்துவர் மேற்பார்வையில்தான் உணவைக் கூட்ட வேண்டும். ஒவ்வாமையாலும் மருத்துவக் காரணத்தாலும் விலக்கியவற்றை இந்தப் பயிற்சியில் தொடவே கூடாது.

மற்றவர்கள், மூன்றாம் படியில் எழுதிய பட்டியலை எடுத்து, சிறிதளவு அச்சம் தருவதிலிருந்து பெரிதும் அச்சம் தருவது வரை வரிசைப்படுத்துங்கள். ஒருவருக்கு வீட்டு இட்லி எளிதாகவும், ஓட்டல் இட்லி அதைவிடக் கடினமாகவும், நண்பர் வீட்டில் சர்க்கரை போட்ட காபி அதற்கு மேலும், கோயில் சர்க்கரைப் பொங்கல் உச்சியிலும் இருக்கலாம். வரிசையின் கீழே உள்ளதிலிருந்து தொடங்குங்கள். உங்களைக் கேலி செய்யாத ஒருவரோடு சேர்ந்து, கேள்வி கேட்காமல், பொருட்பட்டியலைப் படிக்காமல், சாதாரணமாக ஒருவர் உண்ணும் அளவை உண்ணுங்கள். உண்பதற்கு முன் அச்சத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று குறித்து, அரை மணி கழித்தும் ஒரு மணி கழித்தும் மீண்டும் குறியுங்கள். முக்கியமான நிபந்தனை, ஈடுகட்டக் கூடாது என்பது. அடுத்த வேளையைக் குறைப்பது, கூடுதலாக நடப்பது, சீரகத் தண்ணீர் குடித்துச் "சரி செய்வது" எல்லாமே ஈடுகட்டல்தான். ஈடுகட்டிவிட்டால், அதனால்தான் தப்பித்தேன் என்று மனம் கற்றுக்கொள்ளும். ஈடுகட்டாமல் இருந்தால்தான், ஒன்றும் ஆகவில்லை என்று கற்றுக்கொள்ளும். அதே உணவை அது சலித்துப்போகும் வரை வேறு வேறு நாட்களில் திரும்பத் திரும்ப உண்டு, பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோய்க்கு மனநல நிபுணர்கள் தரும் பயிற்சியும் இந்த முறையில்தான் அமைகிறது. அச்சம் குறைவதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் கூடினால் நிறுத்திவிட்டு அத்தகைய நிபுணர் ஒருவருடன் சேர்ந்து தொடருங்கள்.

கைபேசியையும் சுத்தம் செய்யுங்கள். "இதைச் சாப்பிட்டால் விஷம்" என்று தொடங்கும் பக்கங்களைப் பின்தொடர்வதை விடுங்கள். ஒருவர் தகுதி பெற்ற மருத்துவராகவே இருந்தாலும், அவர் பேச்சைக் கேட்ட பிறகு உங்கள் பட்டியல் நீண்டால் அவரையும் விட்டுவிடலாம். கடையில் பொருட்களின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கத்தை முழுவதும் விட வேண்டியதில்லை. சேர்பொருட்கள் எடையில் அதிகமானதிலிருந்து குறைவானதாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும் என்பதால், முதல் மூன்று பெயர்களையும் உப்பு, சர்க்கரை அளவையும் பார்த்துவிட்டுப் பொருளைக் கூடையில் போடவோ திரும்ப வைக்கவோ செய்யலாம். ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்கு முன் பத்து நிமிடம் நின்று, ஒவ்வொரு எண்ணையும் கைபேசியில் தேடுவதுதான் விட வேண்டிய பழக்கம்.

ஏழாம் படி: யாரிடம் போவது, என்ன சொல்வது

குடும்ப மருத்துவரிடம் "சத்தாகச் சாப்பிட முயற்சி செய்கிறேன்" என்று தொடங்கினால் அவர் பாராட்டிவிட்டு அனுப்பிவிடக்கூடும். அதற்குப் பதிலாக, "சாப்பாட்டைப் பற்றிய பயம் என் வேலையையும் வீட்டையும் பாதிக்கிறது, இத்தனை மாதத்தில் இவ்வளவு எடை குறைந்திருக்கிறது, இவற்றையெல்லாம் சாப்பிடுவதை நிறுத்தியிருக்கிறேன்" என்று சொல்லிப் பட்டியலை அவர் கையில் கொடுங்கள். நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு ஹீமோகுளோபின், இரும்புச்சத்துச் சேமிப்பு, பி12, வைட்டமின் டி, தைராய்டு, சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட் ஆகியவற்றைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

மனத்தின் பக்கத்துக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும், உளவியல் நிபுணர் தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பொருத்தமானது. மனச்சோர்வோ ஓசிடியோ சேர்ந்திருந்தால் மனநல மருத்துவர் மருந்தும் தரக்கூடும். இந்தியாவில் ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவி எண் இருக்கிறது. உணவியல் நிபுணரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய படிப்பைக் கேட்கத் தயங்காதீர்கள். சில வார இணையப் பயிற்சி முடித்தவர்களும் உணவு ஆலோசகர் என்று பலகை வைத்திருக்கிறார்கள். முதல் சந்திப்பில் உங்கள் பட்டியலில் இன்னும் நான்கு பொருட்களைச் சேர்த்து விலக்கச் சொல்பவர், எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும், இந்தச் சிக்கலுக்கு ஏற்றவர் அல்லர்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

சாப்பாட்டு மேசையில் இதைப் பேசாதீர்கள். தட்டு முன்னால் இருக்கும்போது அச்சம் உச்சத்தில் இருக்கும், எந்த நியாயமும் காதில் ஏறாது. "ஒரு வாய் சாப்பிட்டால் செத்தா போய்விடுவாய்" என்ற பேச்சும், பந்தியில் எல்லோர் முன்னாலும் செய்யும் கேலியும், "நன்றாக இளைத்துவிட்டாயே" என்ற பாராட்டும் ஒரே அளவு கெடுதல் செய்யும். வேறொரு நேரத்தில், உணவைப் பற்றிப் பேசாமல், நீங்கள் இழந்ததைப் பற்றிப் பேசுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று, எனக்கு வருத்தமாக இருக்கிறது." மருத்துவரிடம் துணைக்கு வருவதாகச் சொல்லுங்கள். ஒருவருடைய விதிக்காக வீடு முழுவதும் தாளிப்பை நிறுத்துவது அன்பாகத் தோன்றினாலும், அச்சம் சரிதான் என்று ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும்.

பெற்றோரே இந்த அச்சத்தில் இருந்தால் குழந்தையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வளரும் குழந்தைக்குக் கொழுப்பும் மாவுச்சத்தும் தேவை. நெய்யும் சோறும் விலக்கப்பட்ட வீட்டில் அதன் வளர்ச்சி மெல்லத் தேங்கக்கூடும். தடுப்பூசி அட்டையிலோ அங்கன்வாடிப் பதிவிலோ உள்ள வளர்ச்சி வரைபடத்தில் குழந்தையின் கோடு தன் வழக்கமான பாதையை விட்டுக் கீழே இறங்கினால், காரணத்தை வீட்டில் விவாதித்துக்கொண்டிருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

விரத நாட்கள்

சஷ்டி, ஏகாதசி, ரமலான் நோன்பு, தவக்காலம் ஆகியவை நோயாகாது. அவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பலரோடு சேர்ந்து இருப்பவை. நோயுற்றவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. முடியும்போது எல்லோரும் சேர்ந்து உண்பார்கள். ஆனால் உணவு அச்சத்திலிருந்து மீண்டுவரும் ஒருவருக்கு விரதம் என்பது பழைய விதிகள் யாருக்கும் தெரியாமல் திரும்பி வர வசதியான வாயிலாகிவிடும். விரதம் முடிந்த மறுநாளும் அதை முடிக்க மனம் வராமல் போவது அதன் அடையாளம். அதனால் மீண்டுவரத் தொடங்கிய முதல் ஆண்டிலாவது பட்டினி இருப்பதைத் தள்ளிவைத்து, அதற்குப் பதிலாகப் பாராயணமோ தொழுகையோ அன்னதானத்தில் பரிமாறும் வேலையோ செய்யலாமா என்று உங்கள் சிகிச்சையாளரிடமும், வேண்டுமானால் வீட்டுப் பெரியவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். விரதம் தொடங்குவதற்கு முந்தைய நாள் இரவு அந்தப் பேச்சை எடுத்தால், இருக்கத்தான் வேண்டும் என்று மனம் ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். இரண்டு வாரம் முன்னதாக எடுங்கள்.